வன்னிப் பெருநிலப்பரப்பிற் சமயத் தலைமை: உடனிருத்தலும் கணக்குரைத்தலும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் தலைமை என்னும் பொருளைப் பெரும்பாலும் அதிகாரத்தைக் கையிற் கொண்டிருந்தோரோடு தொடர்புபடுத்தியே நோக்கியுள்ளனர். பண்டாரவன்னியன் ஈறாக வந்த வன்னிமைகள், பிரித்தானிய ஆட்சியின் அரசாங்க அதிபர்கள், சுதந்திரத்தின் பின்வந்த பாராளுமன்ற உறுப்பினர்கள், ஆயுத இயக்கத் தலைவர்கள் என அப்பட்டியல் நீளும். சமயத் தலைவர்கள் பற்றி எழுதப்பட்டவை இல்லாமலில்லை. ஆயின் அவை ஆலய மலர்களிலும் நினைவு மலர்களிலும் புகழுரைகளாக நின்றுவிடுகின்றன. முற்போக்குச் சிந்தனையாளரோ சமயத்தை நிலவும் சமூக ஒழுங்குக்குத் துணைபோகும் ஒரு கருத்துநிலையாகக் கண்டமையால், சமயத் தலைமையின் செயற்பாட்டைத் தனியே ஆராய வேண்டிய தேவையை உணர்ந்தாரல்லர். ஒரு சாராரின் வழிபாடும் மறு சாராரின் புறக்கணிப்பும் ஒரே விளைவையே தந்துள்ளன. வன்னியிற் சமயத் தலைமை வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படவில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா எளியது. ஆணையிடும் அதிகாரமோ, தண்டிக்கும் படைபலமோ, பங்கிட்டளிக்கும் செல்வமோ இல்லாத ஒருவரின் சொல்லைப் பெருந்தொகையான மக்கள் நம்பி நடந்தனர் எனின், அந்நம்பிக்கை எவ்வாறு தோன்றிற்று? அது எத்தகைய பயனைத் தந்தது? வன்னியின் வரலாற்றை நோக்குமிடத்து இதற்கான விடை இரண்டு செயல்களில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகின்றோம். ஆபத்துக் காலத்தில் மக்களை விட்டகலாது உடனிருத்தல் ஒன்று. மக்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பதிந்து, அதிகாரத்தின் முன் கணக்குரைத்தல் மற்றொன்று. முன்னதின்றிப் பின்னது நம்பப்படுவதில்லை. பின்னதின்றி முன்னது ஆறுதலாக மட்டுமே எஞ்சும்.

வன்னி என நாம் ஈண்டுக் குறிப்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களையும் அவற்றோடு வரலாற்றால் இணைந்த மன்னார்ப் பெருநிலப்பகுதியையுமாகும். மடுத்திருப்பதி இன்று மன்னார் மாவட்டத்துட் படுவதாயினும், வன்னிக் காட்டின் வரலாற்றிலிருந்து அதனைப் பிரித்து நோக்கல் இயலாது.

1. வன்னியின் சமூக அமைப்பு

ஒல்லாந்தராலும் பின்னர் பிரித்தானியராலும் வன்னிமைகளின் அதிகாரம் ஒடுக்கப்பட்டபின் வன்னி மக்கள்தொகை குன்றிய நிலமாயிற்று. குளங்கள் தூர்ந்தன, மலேரியா நிலைகொண்டது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு சிற்றூர்கள் அருகிவந்த ஒரு நிலப்பகுதியையே நமக்குக் காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் இரணைமடு முதலிய குளங்களின் புனரமைப்போடு குடியேற்றங்கள் தோன்றின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்ற விவசாயிகள் வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகள் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மக்களை இங்குத் துரத்தின. தோட்டத் தொழிலாளரை வவுனியாப் பகுதியிற் குடியமர்த்திய காந்தீயம் அமைப்பின் பணி இக்காலத்ததே. அதன் அமைப்பாளருள் ஒருவரான வைத்தியர் இராஜசுந்தரம் 1983 யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

இவ்வரலாற்றின் விளைவாக வன்னிச் சமூகம் குடாநாட்டுச் சமூகத்தினின்றும் வேறுபட்டதாக அமைந்தது. நெடுங்காலக் கல்லூரிகள், பத்திரிகைகள், சட்டத்தரணிகள், அரச உத்தியோகத்தர் வகுப்பு என்றவாறான இடைநிலை அமைப்புகள் இங்கு மிகக் குறைவாகவே இருந்தன. நிருவாக மாவட்டமாக முல்லைத்தீவு உருப்பெற்றது 1978 இலும், கிளிநொச்சி உருப்பெற்றது 1984 இலுமே என்பது மனங்கொளத்தக்கது. ஊரின் துயரை ஊருக்கு வெளியே எடுத்துரைக்க வல்லவர் யார் என வினவின், ஒரு குடியேற்றக் கிராமத்திற் பாடசாலை அதிபரையும் கிராம சேவையாளரையும் அடுத்துக் கோயில் சார்ந்தவரும் குருவானவருமே எஞ்சினர். சமயத் தலைமைக்கு வன்னியிற் கிடைத்த இடம் மக்களின் பக்தி மிகுதியால் மட்டும் விளைந்ததன்று. வேறு தலைமைகள் வேரூன்றாமையும் அதற்குக் காரணமாகும்.

2. புகலிடத்தின் தோற்றம்

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருவானவரை வெளியேற்றினர். மாந்தைப் பகுதிக் கத்தோலிக்கர் 1670 அளவில் தம் மாதா திருவுருவத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள் மருதமடுவிற் புகலடைந்தனர் என்பது மடுத்திருப்பதி மரபு. அம்மரபின் நுணுக்கங்கள் எவ்வாறிருப்பினும் அதன் சமூக உள்ளடக்கம் தெளிவானது. ஆட்சியாளரின் கை எளிதில் எட்டாத காட்டிலே, குருவானவர் எவருமின்றி, சாதாரண மக்களே அமைத்துக்கொண்ட புகலிடம் அது.

போர்த்துக்கேயப் படைபலத்தின் நிழலிற் பரவிய ஒரு சமயம், அந்நிழல் நீங்கியபின் ஒடுக்கப்பட்டோரின் சமயமாக மாறிற்று. இம்மாற்றத்திற்குத் தலைமைதாங்கிய குருவானவர் கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் முனிவராவர். 1651 இற் பிறந்த அவர் 1687 இல் தூத்துக்குடி வழியாகக் கூலியாளின் கோலத்தில் இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணத்திற் சில்லாலையில் மறைவாகப் பணிசெய்தார். தேடுதல் மிகவே புத்தளத்திற்கும், 1692 இற் கண்டிக்கும் சென்றார். அங்கு ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிலிடப்பட்டார். 1697 இற் கண்டியிற் பெரியம்மை பரவியபோது அரசனும் செல்வரும் நகரை விட்டகன்றனர். நோயாளிகள் காட்டிற் கைவிடப்பட்டனர். யோசேவ்வாஸ் முனிவரும் அவரது உறவினரான மற்றொரு குருவானவரும் நகரில் தங்கி, சமயவேறுபாடின்றி நோயுற்றோரைப் பராமரித்து, இறந்தோரை அடக்கஞ்செய்தனர். விமலதர்மசூரியன் என்னும் பௌத்த அரசன் அவருக்கு அளித்த பாதுகாப்பு இப்பணியின் பின்னர் மேலும் உறுதிபெற்றது. 1711 இற் கண்டியில் அவர் காலமானார். 2015 சனவரி 14 இற் புனிதராக உயர்த்தப்பட்டார். அன்றைய தினமே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வருகைதந்தமை இவ்விரு வரலாறுகளின் தொடர்பை உணர்த்துவதாகும்.

யோசேவ்வாஸ் முனிவரின் பின்னால் எவ்வரசின் படையும் இருக்கவில்லை. ஐரோப்பியக் குருமாருக்கு ஒல்லாந்தர் எல்லையுட் புகல் இயலாதிருந்த காலத்தில், ஆசியரான அவர் மக்களோடு மக்களாகக் கலந்து நடமாடினார். அவர் வழிவந்தோருள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அதிகாரத்திற்குப் புறம்பே நிற்றல், மக்களின் மொழியிற் பேசுதல், நெருக்கடியில் விலகாதிருத்தல் ஆகிய பண்புகளை இம்மரபு பிற்கால வன்னிக் குருமாருக்கு விட்டுச்சென்றது.

3. சைவ மரபின் வேறுபட்ட அமைப்பு

வன்னி மக்களுட் பெரும்பான்மையினர் சைவராவர். ஆதலின் கத்தோலிக்கக் குருமாரை மையப்படுத்தி ஆராய்தல் பொருந்துமா என்னும் வினா எழல் இயல்பே. அமைப்புமுறையின் வேறுபாட்டை இவ்விடத்து விளக்குதல் வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் விளக்கெரியும் என மக்கள் நம்பும் அவ்விழாவில் முல்லைத்தீவின் ஊர்கள் பலவும் ஒன்றுகூடுகின்றன. சடங்கின் உரிமைகளும் கடமைகளும் ஊர்களுக்கும் குடிகளுக்குமிடையே பகிரப்பட்டுள்ளன. இங்குத் தலைமை தனியொருவரிடம் குவிவதில்லை. விழாவோடு கூடி விழாவோடு கலைவது அது. ஊரின் ஒருமையைப் பேணுவதில் இவ்வமைப்பு வலிமை வாய்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு மாகாணத்தின் குரலாக நிலைத்து நிற்பதற்கான நிறுவனம் அதனிடம் இல்லை.

சைவத்தின் மற்றொரு வடிவம் ஞானியர் மரபாகும். ஈழத்துச் சித்தருள் ஒருவராகப் போற்றப்படும் யோகர் சுவாமிகள் (1872-1964) துறவை மேற்கொள்ளுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பண்டகசாலைக் காப்பாளராகப் பணிபுரிந்தார். வன்னி நிலத்தின் நீர்வேலையோடும் கூலியாட்களோடும் அவர் வாழ்ந்த அக்காலத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பின்னாளில் உத்தியோகத்தர், கல்விமான்கள், விவசாயிகள் எனப் பல்வகையினர் அவரை நாடினர். எனினும் ஞானியின் வழிகாட்டல் தனிமனித வாழ்வைத் திருத்துவது. அவரது மறைவின்பின் அதனைத் தொடர்வதற்குப் பங்கு, மறைமாவட்டம் போன்ற அமைப்புத் தொடர்ச்சி இருப்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை வேறு. ஒவ்வொரு பங்கிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடு உண்டு. ஒரு குருவானவர் மாற்றலானாலோ மாண்டாலோ மற்றொருவர் வருவார். பங்கின் செய்தி ஆயருக்கும், ஆயர் வழியாக உலகின் பிற பகுதிகளுக்கும் செல்லும். ஆகவே, பின்வரும் பகுதிகளில் நாம் குருமாரை முதன்மைப்படுத்துவது ஒரு சமயத்தை மற்றொன்றின் மேலாக வைப்பதற்கன்று. போர்க்காலத்தில் எவ்வமைப்பு எதனைச் செய்ய இயன்றது என்பதை விளக்குவதற்கேயாம்.

4. போரின் முதற் கட்டங்கள்

போர் மூண்டபோது குருத்துவ உடை பாதுகாப்பைத் தரவில்லை. மெதடிஸ்த திருச்சபையின் வணக்கத்துக்குரிய ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் முருங்கன் அருகே கொல்லப்பட்டார். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் 1985 சனவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இருவரும் தம் பகுதி மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளை வெளியே அறிவித்துவந்தவர்கள். கணக்குரைப்போர் முதலில் இலக்காதல் இம்மண்ணில் அன்றே தொடங்கிவிட்டது.

1990 யூனில் மீண்டும் போர் வெடிக்கவே மடுத்திருப்பதி பல்லாயிரம் மக்களின் புகலிடமாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் அங்குத் திறந்த நிவாரண நிலையமொன்றை அமைத்தது. இது இயன்றமைக்குப் பொருளியற் காரணமும் உண்டு. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு வரும் இலட்சக்கணக்கான யாத்திரிகர்களுக்கென நூற்றாண்டுக் காலமாக அமைக்கப்பட்ட மடங்கள், கிணறுகள், திறந்த வெளிகள் என்பன அகதிகளின் வாழிடமாயின. சிங்களரும் தமிழரும் ஒருங்கே வழிபட்ட தலம் என்பதால் இரு தரப்புப் படைகளும் அதனை ஓரளவு மதிக்கவேண்டியிருந்தது. வழிபாட்டின் கட்டமைப்பைப் புகலிடத்தின் கட்டமைப்பாக மாற்றி, பல்லாயிரவருக்கு நீரும் உணவும் ஒழுங்கும் கிடைக்கச் செய்தமை நிருவாகத் திறன் சார்ந்த தலைமையாகும்.

அம்மதிப்பு நிலைக்கவில்லை. 1999 நவம்பர் 20 இல் மடு ஆலய வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பதுபேர் மாண்டனர். 1992 முதல் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை மடுப் பகுதியைப் போரற்ற வலயமாக ஏற்குமாறு இரு தரப்பையும் தொடர்ந்து வேண்டினார். 2008 ஏப்பிரலிற் போர் மடுவை நெருங்கியபோது குருமார் மாதா திருவுருவத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச்சென்றனர். 1670 இன் மரபு மூன்று நூற்றாண்டுகளின் பின் மீண்டும் நிகழ்ந்தது போலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் திருவுருவம் மடுவுக்கு மீண்டது. மக்களிற் பெரும்பாலோர் மீளவில்லை. அவர்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர்.

அவ்வேளை வன்னிக்குள் இரண்டு குருமார் கிளைமோர்த் தாக்குதல்களில் ஏற்கனவே கொல்லப்பட்டிருந்தனர். நிவாரணப் பணியிலிருந்த பாக்கியரஞ்சித் அடிகளார் 2007 செப்டெம்பரில் மாண்டார். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராகப் பணியாற்றிய கருணாரத்தினம் அடிகளார் 2008 ஏப்பிரல் 20, ஞாயிற்றுக்கிழமையன்று மல்லாவி வவுனிக்குளம் வீதியிற் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகள் இராணுவத்தைக் குற்றஞ்சாட்டினர், இராணுவம் மறுத்தது. அச்செயலகம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அவர்களின் இசைவோடு இயங்கியமையால் அதன் சுயாதீனம் ஐயுறப்பட்டதுண்டு. ஆயினும் உரிமை மீறல்களைப் பெயர், திகதி, இடம் என்பவற்றோடு பதியும் முறைமையை வன்னியில் வளர்த்ததில் அவருக்குள்ள பங்கு மறுக்கத்தக்கதன்று.

5. 2008-2009: உடனிருத்தல்

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தினரையும் சர்வதேசத் தொண்டு நிறுவனத்தினரையும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. கிளிநொச்சியில் அவர்களின் அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு போகவேண்டாமென மன்றாடினர். அவர்கள் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு குழுவினர், அரசாங்க வைத்தியர்கள், உள்ளூர் உத்தியோகத்தர்கள், குருமார், கன்னியர் ஆகியோரே மக்களோடு எஞ்சினர். யாழ்ப்பாண மறைமாவட்டத்திற்குட்பட்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகளின் குருமார் தம் பங்கு மக்களோடு இடம்பெயர்ந்தனர். 2009 சனவரி 2 இற் கிளிநொச்சி வீழ்ந்தது. அம்மாத இறுதியில் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. பங்கு என்பது நிலத்தைக் குறிப்பதாயின் அப்பங்குகள் அழிந்துவிட்டன. அது மக்களைக் குறிப்பதாயின் தறப்பாள்களின் கீழும் பதுங்குகுழிகளிலும் அது தொடர்ந்தது.

இக்காலத்திற் குருமார் எதிர்கொண்ட சோதனை இருமுனைப்பட்டது. ஒரு புறம், பாதுகாப்பு வலயம் என அரசாங்கமே அறிவித்த இடங்களில் எறிகணைகள் வீழ்ந்தன. மறு புறம், மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர். இளைஞரையும் சிறுவரையும் கட்டாயமாகப் படையிற் சேர்த்தனர். 2009 சனவரி இறுதியில் யாழ்ப்பாண ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை விடுத்த வேண்டுகோள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. குடிமக்கள்மீது எறிகணை வீசுதலை நிறுத்துமாறு அரசாங்கத்தையும், மக்களிடையே நிலைகொண்டு சுடாதிருக்குமாறு விடுதலைப் புலிகளையும் அவர் ஒருங்கே வேண்டினார்.

வலைஞர்மடம் தேவாலயம் இச்சோதனையின் உச்சமாயிற்று. படைச்சேர்ப்புக்கு அஞ்சிய இளையோர் பெருந்தொகையினர் அங்குக் குருமாரிடம் அடைக்கலம் புகுந்தனர். விடுதலைப் புலிகள் ஆலயத்துட் புகுந்து நூற்றுக்கணக்கான இளையோரைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றனர் என்பதை 2011 ஏப்பிரலில் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. 2009 ஏப்பிரலில் அதே சூழலில் எறிகணைகள் வீழ்ந்தன. காயமுற்றோருட் குருமாரும் இருந்தனர். ஒரே ஆலயம் இரு தரப்பாராலும் மீறப்பட்டது. தமிழ் மக்களின் துயரை உரைத்த குருமார் எல்லோரையும் இயக்கத்தின் ஊதுகுழல்கள் எனக் கூறுவோர் இந்நிகழ்வைக் கருத்திற் கொள்வதில்லை.

2009 மே 18 இற் போர் முடிந்தது. உருத்திரபுரம் பங்குத்தந்தையாக இருந்த சரத்ஜீவன் அடிகளார் அன்று மாரடைப்பால் உயிர்நீத்தார். மாதக்கணக்கான பட்டினியும் களைப்பும் அவரது உடலை உருக்கியிருந்தன. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரும் முதியவருமான பிரான்சிஸ் யோசேப்பு அடிகளார், சரணடைந்த இயக்க உறுப்பினரோடும் அவர்தம் குடும்பத்தினரோடும் வட்டுவாகலில் இராணுவத்தினரிடம் சென்றார். தம் முன்னிலை அவர்களுக்குக் காப்பாகும் என நம்பியே அவர் சென்றார் என உறவினர்கள் கருதுகின்றனர். அதன்பின் அவரைக் கண்டவர் இலர். அவர் பெயர் காணாமலாக்கப்பட்டோர் பட்டியலில் உள்ளது.

இத்துணை இழப்பின் பின்னும் பெருந்திரளின் உயிர் காக்கப்படவில்லை. அவ்வாறாயின் இத்தலைமையைப் பயனுள்ளது எனக் கூறுதல் எங்ஙனம் என ஒருவர் வினவலாம். வெற்றி என்பதைத் தலைமையின் ஒரே அளவுகோலாகக் கொள்ளின் இவ்வினாவுக்கு விடை இல்லை. ஆனால் வன்னியில் இறுதிவரை கைவிடப்படாத ஓர் உறவு இருந்தமையாலேயே, பின்னர் நிகழ்ந்த கணக்குரைத்தல் இயல்வதாயிற்று.

6. கணக்குரைத்தல்

வன்னிப் போரில் எண்ணிக்கை என்பது புள்ளிவிபர விவகாரம் மட்டுமன்று. உள்ளே எத்தனைபேர் உள்ளனர் என்பதைப் பொறுத்தே உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. 2009 தொடக்கத்தில் அரசாங்கப் பேச்சாளர்கள் எழுபதினாயிரம் முதல் ஓரிலட்சம் வரையானோரே உள்ளனர் என்றனர். கச்சேரி உத்தியோகத்தர்களோ மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உள்ளனர் என அறிவித்தனர். இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோரின் தொகையே அரசாங்கக் கூற்றைப் பொய்ப்பித்தது. குறைத்து எண்ணப்பட்ட மக்கள் குறைந்த அரிசியோடும் குறைந்த மருந்தோடும் விடப்பட்டனர். எண்ணப்படாதவர் இறந்தபோது இறந்தவராகவும் எண்ணப்படார்.

காயமுற்றோரின் தொகையை வெளியுலகிற்கு அறிவித்துவந்த அரசாங்க வைத்தியர்கள் போர் முடிந்ததும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். 2009 யூலையில் அவர்கள் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்னர் தாம் கூறிய எண்ணிக்கைகளை மறுத்துரைத்தனர். அவர்களின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அரச ஊதியத்திலும் அரச காவலிலும் இருப்போரின் வாயை மூடுதல் எளிது என்பதே நாம் காட்டவிழைவது. வன்னியில் அரசைச் சாராத, அதேவேளை அரசு எளிதில் அழித்துவிட இயலாத ஒரு குரல் தேவைப்பட்டது.

2011 சனவரியிற் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருமாரோடு எழுத்துமூலச் சமர்ப்பணமொன்றை முன்வைத்தார். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர், கச்சேரிக் கணக்கின்படி, 429,059. ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 2009 யூலை 10 வரையில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என அவர் வினவினார்.

இச்சமர்ப்பணத்தின் முறைமை ஆராயத்தக்கது. ஆயர் இத்தனைபேர் கொல்லப்பட்டனர் எனக் கூறவில்லை. கணக்கிற் காணப்படாதோர் இத்தனைபேர் என்றே கூறினார். அவர் பயன்படுத்திய எண்கள் அவருடையவையல்ல. ஒன்று அரசாங்கத்தின் சொந்த நிருவாகத்தினது. மற்றொன்று ஐக்கிய நாடுகளினது. கழித்தல் மட்டுமே அவருடையது. பள்ளிச்சிறுவனும் சரிபார்க்கக்கூடிய கணக்காதலின், அதனை மறுக்க விழைவோர் தம் சொந்த ஏடுகளையே மறுக்க நேர்ந்தது. நிபுணர் குழு நாற்பதினாயிரம் வரையான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்றும், ஐக்கிய நாடுகளின் 2012 ஆம் ஆண்டு உள்ளக ஆய்வு எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்றும் கூறின. இவ்வெண்கள் தம்முள் வேறுபடுகின்றன. ஆயின் அவ்வேறுபாடே முறையான விசாரணையின் தேவையை வலியுறுத்துகின்றது. ஆயர் தமது எண்ணை முடிவாக அன்றி வினாவாக முன்வைத்தமையின் பொருத்தம் இதனாற் புலனாகும். 2012 மேயிற் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அவ்வெண் குறித்து அவரையே விசாரித்தனர். அவர் தம் கூற்றை மீளப்பெறவில்லை. 2021 ஏப்பிரல் 1 இல் அவர் காலமானபோது அவ்வினா விடையின்றியே இருந்தது.

உலக வரலாற்றில் இதற்கு ஒப்புமைகள் உண்டு. சிலியில் இராணுவ ஆட்சி நிலவியபோது கர்தினால் சில்வா என்றிக்கேஸ் 1976 இல் தோற்றுவித்த தோழமைப் பணியகம், காணாமற்போன ஒவ்வொருவருக்கும் ஒரு கோவையைத் திறந்து ஆவணங்களைச் சேர்த்தது. இராணுவ ஆட்சி வீழ்ந்தபின் அமைக்கப்பட்ட உண்மை ஆணைக்குழுவுக்கு அக்கோவைகளே அடிப்படையாயின. எல் சல்வதோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ ஞாயிறு மறையுரைகளில் அவ்வாரம் கொல்லப்பட்டோரின் பெயர்களை வானொலி வழியே வாசித்தார். 1980 மார்ச் 24 இற் பலிபீடத்தருகே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நாடுகளில் ஆட்சியாளரும் மக்களும் ஒரே சமயத்தவர், ஒரே மொழியினர். வன்னியின் குருமாரோ இனத்தாற் சிறுபான்மையினர், தம் இனத்துள்ளும் சமயத்தாற் சிறுபான்மையினர், தம் திருச்சபைக்குள்ளும் சிங்களப் பெரும்பான்மையை எதிர்நோக்கியவர். இலங்கைத் திருச்சபை ஒரே குரலில் அவர்கள்பின் நின்றதெனக் கூறுதற்கில்லை.

7. எல்லைகளும் குறைபாடுகளும்

சமயத் தலைமையை மிகைப்படுத்துதல் நம் நோக்கமன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய பகுதிகளினின்றும் மக்கள் சில நாட்களுள் துரத்தப்பட்டனர். அதனைத் தடுக்க வல்ல தலைமை எதுவும், சமயத் தலைமை உட்பட, வன்னியில் இருக்கவில்லை. புகலிடத்தைத் தன் வரலாறாகக் கொண்ட ஒரு சமூகம் தன் அயலவரைப் புகலற்றோராக்கிய செயலைத் தடுக்காதிருந்தமை, உடனிருத்தல் என்னும் பண்பு தன் இனத்தின் எல்லையில் நின்றுவிடக்கூடும் என்பதற்குச் சான்றாகும். சாதி வேறுபாட்டை ஆலயங்களினின்றும் முற்றாகக் களைவதிலும் எச்சமயத்தின் தலைமையும் வெற்றிகண்டதில்லை.

துறவாடை தன்னளவில் தலைமையைத் தருவதன்று என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2019 செப்டெம்பரிற் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிற் சூழலில், நீதிமன்றத்தின் கட்டளையை மீறிப் பௌத்த பிக்கு ஒருவரின் உடல் தகனஞ் செய்யப்பட்டது. அங்குத் திரண்ட துறவியர் தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டனர் என்பது உண்மையே. அது பெரும்பான்மை அரசின் பலத்தைப் பின்னணியாகக் கொண்ட அதிகாரச் செயல். அயலாரின் நம்பிக்கையைப் பெற்ற தலைமை அன்று. கண்டியில் நோயாளியின் சமயத்தை வினவாது பராமரித்த முனிவரும், அம்முனிவருக்குக் காப்பளித்த பௌத்த அரசனும் இவ்விடத்து நினைக்கத்தக்கோர்.

முடிவுரை

2017 மேயில் முள்ளிவாய்க்கால் கிழக்கில் ஆலயச் சூழலொன்றில், இறந்தோரின் பெயர்கள் பொறித்த கற்களை நாட்டி நினைவுகூருவதற்கு ஒரு குருவானவரின் முன்முயற்சியில் ஏற்பாடாயிற்று. பொலிசார் அதற்கெதிராக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றனர். தொகையாக முன்வைக்கப்பட்ட கணக்கு பெயர்களாக மாறத் தொடங்கியபோது அரசு அஞ்சியது. அவ்வாண்டு பெப்ரவரி 20 இற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டமொன்றைத் தொடங்கினர். அதில் முன்னின்றோர் தாய்மார். பிள்ளையின் நிழற்படத்தைக் கையிலேந்தி, கையளித்த திகதியையும் இடத்தையும் ஒவ்வொருவரும் தாமே உரைக்கின்றனர். ஆயர் மாகாணத்திற்காகக் கேட்ட வினாவை அவர்கள் ஒவ்வொரு வீட்டிற்காகவும் கேட்கின்றனர்.

கத்தோலிக்க ஆயர் ஒருவரின் வினாவைச் சைவக் கோயிலொன்றின் முன்றலில் விவசாயக் குடும்பப் பெண்கள் தொடர்வது தற்செயலானதன்று. வன்னியிற் சமயத் தலைமை ஒரு வெற்றிடத்தை நிரப்ப எழுந்தது என முன்னர்க் கூறினோம். அவ்வெற்றிடம் மக்களின் சொந்தக் குரலால் நிரம்பும்போது அத்தலைமையின் பணி நிறைவை நோக்கிச் செல்கின்றது. தன்னைச் சார்ந்தோரை என்றும் தன்னையே சார்ந்திருக்கச் செய்வது மேலாண்மை. அவர்கள் தாமே எழுந்து கணக்குக் கேட்கும் நிலையைத் தோற்றுவிப்பது தலைமை. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், வன்னியின் குருமார் சிலர் ஆற்றிய பணி ஆலய மலர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் சமூக வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவேண்டியது. பங்குப் பதிவேடுகளும், மக்களின் வாய்மொழிச் சான்றுகளும், தாய்மார் கையிலுள்ள பட்டியல்களும் சிதைவதற்கு முன் அவற்றைத் தொகுத்து ஆராய்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் உடனடிக் கடமையாகும். எண்ணும் பணியை அவர்கள் தொடங்கிவைத்தனர். அதனை முடித்தல் நம்மைச் சார்ந்தது.